நான் வாடகைக்கு விட்ட வீட்டில் இருபத்திரண்டு நாட்கள்

வாடகைக்கு வீடு கட்டலாமா என்று யோசனை கேட்டுக்கொண்டு இன்றைக்கும் யாராவது என்னிடம் வருகிறார்கள். கட்டுங்கள், கட்டி முடித்ததும் சாவியை யாருக்கும் கொடுக்காமல் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நீங்களே குடும்பத்தோடு அதில் இருந்து பாருங்கள் என்பேன். வாடகை வருகிற வீட்டை இரண்டு மாதம் சும்மா போட்டுவைப்பதா என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நான் வீடு கட்டின வயதில் என்னிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான் மேஸ்திரி. கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊர். மண்சுவர் வைப்பதிலும் ஓடு மேய்வதிலும் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தே காலம் போகிறதே, நமக்கென்று வாடகை வருகிற மாதிரி ஒன்று வேண்டாமா என்ற நினைப்பு முப்பத்தைந்து வயதில் வந்தது. அப்போது இரண்டாவது உலக யுத்தம் தொடங்கவில்லை. மலைமேல் காப்பித் தோட்டம் போடுகிறவர்கள், காட்டிலாகாக்காரர்கள், அம்மை குத்துகிறவர்கள் என்று கீழ்நாட்டு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம் கிடையாது. மலைக்காரர்கள் தங்கள் வீட்டில் வேற்று ஆட்களைக் குடிவைக்க மாட்டார்கள். வீடு என்று ஒன்று இருந்தால் கேட்ட வாடகையைக் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில், சந்தை கூடுகிற திடலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மலைக்காரர் இடம் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பம். விற்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"மண்ணு எங்களுதுங்க. செவுரு உங்களுது. செவுரு நிக்கற வரைக்கும் இருந்துக்கங்க. வருசத்துக்கு ஒருக்கா கோயிலுக்கு எண்ணெ வாங்கிக் குடுத்தாப் போதும்."

இடம் சும்மா கிடைத்ததே என்று மனசுக்குள் குதித்தேன். மண் ஒருவருக்கும் சுவர் ஒருவருக்கும் சொந்தமான வீட்டைப் பின்னால் எவனும் விலைக்குக் கேட்க மாட்டான் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் காட்டிய இடம் மேட்டில், பாறைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மண்ணும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும். கீழே தாழ்வான இடத்தில் மண் நன்றாக இருந்தது. அங்கேயே இரண்டு வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினேன். சுவருக்கு வேண்டிய மண்ணை வீட்டுக்குப் பின்னாலேயே வெட்டி எடுத்தேன். ஆள் நின்றால் தலை தெரியாத ஆழம் போய்விட்டது. மலைக்காரர் ஒருநாள் வந்து பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார்.

"இத மூடுவீங்களா மேஸ்திரி?"

"மூடாம? வேலை முடியட்டுங்க."

வேலை முடிந்தது. அடிவாரத்திலிருந்து ஓடுகளைத் தலைச்சுமையாக ஏற்றி, அந்தப் பக்கத்தில் முதல் ஓட்டுவீடு என்று பெருமையாக மேய்ந்தேன். பள்ளத்தை மூடவில்லை.

முதல் வீட்டுக்கு ஒரு கம்பவுண்டர் வந்தார். சந்தைத் திடலில் இருந்த சர்க்கார் மருந்துக் கொட்டகையில் அவருக்கு வேலை. முப்பது வயது இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். மனைவியும் ஒரு வயதுப் பெண் குழந்தையும் கூட இருந்தார்கள். இரண்டாவது வீட்டுக்குத் தோட்டத்து எழுத்தர் ஒருவர் வந்தார், ஒரு வருஷத்துக்குள் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஆறு மாதம்தான் இருந்தார். மலைக்கு வருகிறவர்களுக்குக் கால் நிலைப்பதில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். கம்பவுண்டர் மட்டும் இருந்தார். ஆனால் கீழே இறங்குகிற மிளகு வியாபாரிகளிடம் இரண்டு முறை சொல்லியனுப்பினார், ஒரு முறை கடிதமே எழுதினார். பின்னால் இருக்கிற பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, கொசு தாங்கவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, தயவுசெய்து மூடித் தர வேண்டும் என்று. மருந்து கொடுக்கிறவர் வீட்டிலேயே காய்ச்சல் என்றால் அதற்கு நான் என்ன செய்ய என்று கடிதத்தை மடித்து உத்தரத்தில் செருகினேன்.

மூன்றாம் வருஷம் புதிதாக வந்த ஒரு தோட்டத்துச் சூப்பிரண்டு இரண்டு வீட்டையும் சேர்த்துக் கேட்டார். நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே வீடாக்கித் தந்தால் இரண்டு மடங்குக்கு மேல் தருவதாகச் சொன்னார். கம்பவுண்டர் ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஒரு காகிதம் எழுதி எடுத்துக்கொண்டு, ஐப்பசி நடுவில் நானே மலையேறினேன். நேரில் கொடுத்து, சாயந்திரம் அங்கேயே தங்கி, மறுநாள் இறங்கிவிடலாம் என்பது திட்டம்.

நான் போனபோது கம்பவுண்டர் கொட்டகையில் இருந்தார். அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தாள். திறந்தாள் என்று சொல்வது சரியில்லை. அவள் உள்ளேயிருந்து இழுக்க, நான் வெளியேயிருந்து தள்ள, பலகை கிறீச்சிட்டுக்கொண்டு பாதிதான் திறந்தது. ஈரத்தில் உப்பியிருந்தது. வாசலை வடகிழக்கே வைத்திருந்தேன். ஐப்பசி மழை அந்தத் திசையிலிருந்துதான் அடிக்கும்.

"வாங்கண்ணா, வாங்க. பள்ளத்த மூடத்தானுங்க வந்தீங்க? எத்தன நாளாக் காத்துக் கெடக்கறோம். கடப்பாற, மம்பட்டி ஒண்ணும் கொண்டாரலீங்களா?"

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பையிலிருந்த காகிதத்தை நினைத்துக்கொண்டு, "மொதல்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அன்றைக்குக் காகிதத்தை எடுக்க முடியவில்லை. காலையில் கிளம்பும்போது கம்பவுண்டர் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

விடியும்போது மழை பிடித்திருந்தது. மத்தியானம், கீழே போகிற வழியில் பாறையும் மண்ணும் சரிந்து ஓடையை அடைத்துவிட்டது, தண்ணீர் வழிமேலேயே போகிறது என்று சேதி வந்தது. காலியாய்க் கிடந்த இரண்டாவது வீட்டில் படுக்கலாம் என்று போனேன். காற்றில் ஓடுகள் நகர்ந்து உள்ளே கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. கம்பவுண்டர் தன் வீட்டின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அது பள்ளத்தை ஒட்டிய அறை.

மழை ஒன்பது நாள் விடவில்லை.

வீட்டைக் கட்டினவனுக்கு அந்த வீடு தெரியாது என்பதை அந்த ஒன்பது நாளில் அணு அணுவாகக் கற்றுக்கொண்டேன். புகை போக வழி வைக்கவில்லை, அடுப்புப் பற்றவைத்தால் எல்லோரும் இருமினோம். பின்னறைக்கு ஜன்னல் இல்லை. பகலிலேயே அங்கே கொசு ரீங்காரமிட்டது. ஓடு எட்டு இடத்தில் ஒழுகியது. எந்த ஒழுக்குக்கு எந்தப் பாத்திரம் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியும். மழை வலுத்ததும் தத்தித் தத்திப் போய்ச் செம்பை ஓரிடத்தில், சட்டியை ஓரிடத்தில் வைப்பாள். பொம்மை வைத்து விளையாடுகிற மாதிரிதான் செய்தாள். அவள் வயிறு இடப்பக்கம் மட்டும் புடைத்திருந்தது. காய்ச்சல் கட்டி என்று அவள் அம்மா சொன்னாள்.

மண்ணை மிச்சம் பிடிக்க முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் உள்ள சுவரை ஆள் உயரத்தோடு நிறுத்தியிருந்தேன். அதனால் முன்னறையில் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

"மேஸ்திரிக்கு நம்ம மேல எரக்கம் வந்துருச்சுங்க" என்றாள் அவள் ஒருநாள். "தண்ணி நிக்கறத அவரு கண்ணாலயே பாத்துட்டாரில்ல."

"மழ விடட்டும், பேசிக்கலாம்" என்றார் கம்பவுண்டர்.

எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது. எங்கே போவது? கதவைத் திறக்கவே இரண்டு ஆள் வேண்டும். அவர்கள் போட்ட சாமைச் சோற்றையும் அவரைக்குழம்பையும் சாப்பிட்டுக்கொண்டு, காகிதம் இருந்த பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காகிதத்தைக் கொடுத்தால் இந்த மழையில் அதே வீட்டில் அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக ஒரு பொய் சொல்ல வேண்டும். இரண்டும் முடியாமல் கிடந்தேன்.

மழை விட்டு மூன்றாம் நாள், சரிந்த இடத்தை ஆட்கள் ஓரளவு வெட்டிவிட்டார்கள், மறுநாள் இறங்கலாம் என்றார்கள். அன்று மத்தியானம் என் முதுகெலும்புக்குள் குளிர் இறங்கியது. பற்கள் அடித்துக்கொண்டன. இருந்த துணியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு நெருப்பாகச் சுட்டது, பிறகு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமில்லை, ஆனால் எழுந்து நிற்கக் கால் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தது.

"மலைக்காய்ச்சல்தான், மலேரியா" என்றார் கம்பவுண்டர். "பன்னண்டு நாளு இங்க படுத்திருந்தீங்கல்ல, அதுக்குள்ள பிடிச்சிருச்சு."

குழந்தைக்கும் அந்த முறையில்தான் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. நாள் விட்டு நாள், மத்தியான நேரத்தில், அவளையும் என்னையும் ஒரே பாயில் படுக்கவைத்து ஒரே கம்பளியைப் போர்த்தினார்கள். வீட்டில் நல்ல கம்பளி ஒன்றுதான் இருந்தது. அவள் நடுங்குவது என் விலாவில் தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளை, அழக்கூட இல்லை. பழகியிருந்தாள். எனக்கு முதல் தடவையே செத்துப்போகலாம் போல இருந்தது, இவள் இரண்டு வருஷமாக இதைப் பட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வழி அடைபட்டிருந்ததால் கீழேயிருந்து காய்ச்சல் மருந்தான கொயினா இன்னும் வந்து சேரவில்லை. கொட்டகையில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கம்பவுண்டர் எனக்குக் காலையில் ஒரு பங்கு கலக்கிக் கொடுப்பார். நாக்கு மரத்துப்போகிற கசப்பு.

மூன்றாவது முறை காய்ச்சல் வந்த அன்று என் வேட்டி வேர்வையில் ஊறிவிட்டது. மாற்றுத்துணி எடுக்க அவள் என் பைக்குள் கைவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். துணியோடு காகிதமும் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கணவர் வந்ததும் அவர் கையில் கொடுத்தாள். அவர் வாசல் வெளிச்சத்தில் நின்று படித்தார். மடித்தார். திரும்ப என் பைக்குள்ளேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"காலி பண்ணச் சொல்லியா எழுதிக் கொண்டாந்திருக்காரு? இத்தன நாளு நம்ம சோத்தத் தின்னுட்டு? எம் புள்ளைக்கு வெச்சிருக்கற மருந்த இவருக்கு எதுக்குங்க குடுக்கறீங்க?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? செவுத்த அவருதான கட்டுனாரு, கேக்கட்டும்."

"காய்ச்சலுக்குக் குடுக்கறேன், ஆளப் பாத்துக் குடுக்கல. நாளைக்கும் குடுக்கத்தான் போறேன்."

மறுநாள் காலையில் மருந்துக் கிண்ணத்தோடு அவர் வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். "கம்பவுண்டர், இத பாப்பாவுக்குக் குடுத்துருங்க" என்றேன்.

"பாப்பாவுக்கு வேண்டியது தனியா எடுத்து வெச்சிருக்கேன். குடிங்க."

குடித்தேன். "அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டர்றேன். நீங்க எத்தன வருசம் வேணும்னாலும் இங்க இருங்க" என்றேன். பெரிய மனசோடு சொல்கிறோம் என்று ஒரு நினைப்பு அப்போதும் எனக்குள் இருந்தது.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்கன்னு சொல்றீங்களே மேஸ்திரி, இங்க வேற ஒரு ஊடு கெடைச்சிருந்தா நான் மொத வருசமே போயிருப்பேன். வேலைய உட்டுட்டுக் கீழ போவ முடியாது. மேல யாரும் எடம் குடுக்க மாட்டாங்க. நீங்க போகச் சொன்னாலும் போக எடமில்ல, இருக்கச் சொன்னாலும் இருக்கற மாதிரி இல்ல. எம் புள்ளைக்கு இந்தக் கட்டி இந்த ஊட்டுல வந்ததுங்க."

வாடகை கொடுப்பவர் விருப்பப்பட்டு இருக்கிறார் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். போக்கிடம் இல்லாமல் இருந்திருக்கிறார்.

இருபத்திரண்டாம் நாள்தான் நடக்கத் தெம்பு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் மலைக்காரரைத் தேடிப் போனேன். சாமை அறுத்துக்கொண்டிருந்தார். பள்ளத்துத் தண்ணீரை வெளியேற்ற அவர் கொல்லை வழியாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"அறுப்பு முடியட்டுங்க, வெட்டிக்கங்க. தண்ணி போயிரும். பள்ளம் போவுமா? அடுத்த மழைக்கு மறுக்கா ரொம்பிக்கும்."

"மண்ணு கொண்டாந்து மூடிர்றேன்."

"எங்கருந்துங்க கொண்டாருவீங்க? எங்க கொல்லையில இன்னொரு பள்ளம் வெட்டியா?" அறுத்த கதிரைக் கீழே வைத்தார். "நீங்க எடுத்தது எங்க மண்ணு. கேக்காமத்தான் எடுத்தீங்க. இன்னொரு கூடை மண்ணு எங்க எடத்துல தொட உடமாட்டேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எவ்வளவு கெஞ்சியும் அவர் மசியவில்லை. கீழேயிருந்து மண் சுமந்து ஏற்றுவது நடக்காத காரியம். பேச்சு அதோடு நின்றது. நான் திரும்பி வந்து இரண்டு வீட்டுக்கும் முன்னால் வெகுநேரம் நின்றேன். பள்ளத்திலிருந்து போன மண் முழுவதும் என் கண்முன்னால் சுவராக நின்றது. மண் வேண்டுமென்றால் அங்கேதான் இருந்தது.

மலையிறங்கி வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். சூப்பிரண்டுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டேன், காலியாய்க் கிடக்கிற வீட்டை இடிக்கப் போகிறேன் என்று.

"காய்ச்சல் தலைக்கு ஏறிப்போச்சுங்களா?" என்றாள். "ஊரே ஊடு கட்டுது, நீங்க கட்டுனத இடிக்கறீங்க." அப்புறம் என்னிடம் நாலைந்து நாள் பேசவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கென்று சேர்த்தது அதில் போயிருந்தது, அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

தை பிறந்ததும் இரண்டு ஆட்களோடு ஏறினேன். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம். ஓடுகளை இறக்கி, மரத்தைக் கழற்றி, என் கையாலேயே முதல் சுவரைத் தள்ளினேன். நல்ல சுவர். லேசில் விழவில்லை. மூன்றாம் நாள் கம்பவுண்டர் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து மண்வெட்டி எடுத்தார். அவர் மனைவி என்னோடு பேசவில்லை, ஆனால் மத்தியானக் களியை எங்கள் எல்லோருக்கும் சேர்த்தே கிண்டினாள். மலைக்காரரும் வந்து பார்த்தார். சுவரின் அடிக்கல்லையும் வீட்டுத் தரைமேட்டு மண்ணையும் உள்ளே போடச் சொன்னார். எட்டு நாளில் பள்ளம் தரையோடு தரையாகிவிட்டது. இறக்கிய நல்ல ஓடுகளைக் கொண்டு கம்பவுண்டர் வீட்டு ஒழுக்கை அடைத்தேன். பின்னறைக்கு ஜன்னல் வைத்தேன், அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு திறந்தேன், வாசலைத் தென்புறம் மாற்றினேன்.

காய்ச்சல் உடனே போய்விடவில்லை. மலையில் கொசுவுக்கு என் பள்ளம் ஒன்றுதானா இடம்? அடுத்த வருஷம் குழந்தைக்கு இரண்டு தடவை வந்ததாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு முன்னால் மாதத்துக்கு இரண்டு தடவை. கட்டி முழுக்கக் கரைந்ததா என்று எனக்குத் தெரியாது. வீட்டை இடித்த மூன்றாம் வருஷம் அவருக்கு மாற்றல் வந்து, தலைமேல் பெட்டியோடு எங்கள் ஊர் வழியாகத்தான் இறங்கிப் போனார்கள். என் மனைவி மோர் கொடுத்தாள். குழந்தை கொஞ்சம் வளர்ந்திருந்தாள், என்னை அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

மீதமிருந்த வீட்டைத் தலைமுழுகிவிடப் பார்த்தேன். அடிமண் என்னுடையது இல்லை என்று தெரிந்ததும் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். மலைக்காரரிடமே வேண்டுமா என்று கேட்டேன். "எங்களுக்கு ஓட்டூடு எதுக்குங்க?" என்றார். இடிக்கவும் மனசு வரவில்லை, இன்னொரு முறை இடித்தால் என் மனைவி ஊரை விட்டே போய்விடுவாள். ஆகவே வருஷா வருஷம் ஆவணியில் ஏறி ஓடு மாற்றினேன், வாய்க்கால் தூர் எடுத்தேன். எனக்கும் அந்தக் காய்ச்சல் ஐந்தாறு வருஷம் விட்டு விட்டு வந்தது. நடுக்கம் வரும்போதெல்லாம் கம்பளியை ஒரு பக்கம் தாராளமாக விட்டுத்தான் போர்த்திக்கொள்வேன்.

கம்பவுண்டருக்குப் பிறகு காட்டிலாகாவில் வேலை பார்த்த ஒருவர் வீடு பார்க்க வந்தார். தாழ்வான இடம், மழையில் தரை கசியும், கொசு உண்டு, கைப்பிள்ளை இருந்தால் யோசித்து வாருங்கள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கைப்பிள்ளை இருக்குதுங்க" என்றார். "கொசுவலை வாங்கிக் குடுப்பீங்களா?"

மறுநாளே சேலத்துக்குப் போய் இரண்டு வலை வாங்கி வந்தேன்.